கடல் – கயல் – வயல்

மார்கழி மாதத்து மழை நாள் ஒன்று. கல்முனைக் கரையில் மாரிமழை பிடித்துக்கொண்டால் எளிதில் விடுவதில்லை. தெருவெல்லாம் வெள்ளம், நாற்பது பிள்ளைகள் இருக்கவேண்டிய வகுப்பில் பதினேழு பேர் இருந்தனர். பாடத்தைத் தொடங்கினால் வராத பிள்ளைகளுக்காக மறுநாளும் அதனையே ஓதவேண்டும். தொடங்காவிட்டாலோ, பதினேழு வாய்களும் ஒருங்கே திறந்துகொள்ளும். ஆதலால் வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையின் மேற்புறத்தில் ‘கடல்’ என்றும், கீழ்ப்புறத்தில் ‘வயல்’ என்றும் எழுதினேன்.

“கடலிலிருந்து வயலுக்குப் போகவேண்டும். ஓரடிக்கு ஓரெழுத்தைத்தான் மாற்றலாம். இடையில் வருவது எதுவாயினும் பொருளுள்ள சொல்லாக இருத்தல் வேண்டும்” என்றேன்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தை அறிந்தவர்களுக்கு இவ்விரு சொற்களையும் நான் ஏன் எடுத்தேன் என்று கூற வேண்டியதில்லை. பெரியநீலாவணையிலிருந்து தெற்கே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊருக்குப் பின் ஊராகத் தெரு செல்கின்றது. ஓர் ஊர் எங்கே முடிகின்றது, அடுத்தது எங்கே தொடங்குகின்றது என்று வழிப்போக்கருக்குத் தெரியாது. பள்ளிவாசலையும் கோவிலையும் மாறி மாறிக் கண்டுதான் தெரிந்துகொள்ளவேண்டும். கிழக்கே எட்டி நடந்தால் கடல். மேற்கே எட்டி நடந்தால் வட்டை, அதாவது வயல்வெளி. என் வகுப்பிலும் அப்படித்தான்: ஒரு பிள்ளையின் தகப்பன் கரைவலை இழுப்பவர், அடுத்த பிள்ளையின் தகப்பன் வேளாண்மை செய்பவர். நான் கற்பிப்பது முஸ்லிம் பிள்ளைகள் படிக்கும் ஒரு கல்லூரியில். நானோ அயலிலுள்ள தமிழ்க் கிராமமொன்றிலிருந்து மிதிவண்டியில் வந்துபோகும் இந்து.

இவ்விளையாட்டைப் புனைந்தவர் ‘அற்புத உலகில் அலிஸ்’ என்னும் கதையை எழுதிய லூயிஸ் கரோல் என்ற ஆங்கிலேயர். 1877 ஆம் ஆண்டு நத்தார் காலத்தில், பொழுது போகவில்லையென்று சலித்திருந்த இரு சிறுமியருக்காக இதனை அவர் ஆக்கினாராம். 1879 இல் இலண்டன் சஞ்சிகை ஒன்று இதனைப் போட்டியாகவே நடத்திற்று. ஆங்கிலத்தில் ஓரெழுத்தை மாற்றுவதென்றால் ஓர் உயிரையோ ஒரு மெய்யையோ மாற்றுவது. தமிழிலோ உயிரும் மெய்யும் கூடிப் பிறந்த எழுத்து ஒரே கட்டத்தில் அமர்ந்திருக்கின்றது. மாற்றம் பெரிது, ஆகவே ஆட்டமும் விரைவாக ஓடும். அழகு என்பதில் ஓரெழுத்தை மாற்றிப் பழகு. இன்னோரெழுத்தை மாற்றிப் படகு. தொப்பி, கொப்பி, கோப்பி. கதிரை, குதிரை. சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்து ஆடுவதற்கு இதைவிடச் செலவில்லாத ஆட்டம் வேறில்லை.

நிற்க. கடலிலிருந்து வயலுக்கு வழி தேடிய பதினேழு பேரில், முன்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி இரண்டு நிமிடத்துள் கையுயர்த்தினாள். “கடல், கயல், வயல்” என்றாள். இதற்கு விடை உண்டென்று அறிந்தே நான் கேட்டேனாயினும், அவள் வாயால் கேட்டபோது இன்பமாகவே இருந்தது. கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு மீன்! இதனைவிடப் பொருத்தமான படிக்கல் வேறு வேண்டுமா? பாண்டியன் கொடியில் பொறித்த கயல், புலவர்கள் மகளிர் கண்ணுக்கு உவமை கூறிய கயல் என்றெல்லாம் விரித்துரைக்கத் தொடங்கினேன்.

பின்வரிசையில் ஒரு குரல் எழுந்தது. கரைவலைக்காரர் மகன் அவன்.

“சேர், கடல்ல கயல் இல்ல. நான் வாப்பாவோட எத்தினை தரம் வலைக்குப் போயிருக்கன். சூடை வரும், கீரி வரும், பாரை வரும். கயல் வந்ததில்ல.”

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும் அவன் கூறியதில் தவறில்லை. கயல் என்பது கெண்டை இனத்து மீன் என்று அகராதி கூறும். அது நன்னீரில் வாழ்வது. குளத்தில், ஆற்றில், வாய்க்காலில் தேடவேண்டியதைக் கடலிலே தேடினால் எவ்வாறு கிடைக்கும்? கல்முனைச் சந்தையில் நின்று கயல் வேண்டுமென்று கேட்டால் மீன் விற்பவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். “அது நூலில் உள்ள சொல், தம்பி. நூலில் இருந்தால் சொல்தான்” என்று கூறி அவனை அமர்த்தினேன். அப்போது நான் கூறிய அவ்விடை, மறுநாளே என் கழுத்தைப் பிடிக்கும் என்று எண்ணவில்லை.

மறுநாளும் மழை. இம்முறை வேறோர் ஆட்டம். கைத்தொலைபேசியில் இன்று உலகெங்கும் ஆடப்படும் சொல் தேடும் ஆட்டத்தைக் கரும்பலகைக்குக் கொண்டுவந்தேன். நான் ஒரு சொல்லை மனத்துள் மறைத்துக்கொள்வேன். எத்தனை எழுத்தோ அத்தனை கட்டம் வரைவேன். பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்க்கவேண்டும். சரியான எழுத்து சரியான இடத்தில் இருந்தால் அதனைச் சுற்றி வட்டம். எழுத்து உண்டு, இடம் வேறு என்றால் கீழே ஒரு கோடு. முதலில் கோட்டுக்குப் பதில் புள்ளி வைக்கலாமென்று எண்ணினேன். புள்ளி வைத்தால் எழுத்து மெய்யாகிவிடுமே என்று உடனே நினைவு வந்தது. தமிழுக்கு மட்டும் இன்னொரு குறியும் வேண்டியிருந்தது: மெய் சரி, உயிர் வேறு என்றால் நெளிகோடு. இவ்விதி இல்லாவிட்டால் 247 எழுத்துள் ஒன்றைக் குருடன் கைத்தடியாய்த் தடவித் தேடவேண்டியதுதான்.

நான்கு கட்டம் வரைந்தேன். ஒருவன் ‘பள்ளம்’ என்றான். பின் மூன்றெழுத்துக்கும் வட்டம் விழுந்தது. முதலெழுத்து என்ன? உள்ளமா, கள்ளமா? வலைக்காரர் மகன் தன் தொழிலுக்கேற்ப ‘வள்ளம்’ என்றான். வகரத்தின் கீழ் நெளிகோடு இட்டேன். உடனே பதினேழு பேரும் யன்னலுக்கு வெளியே பார்த்து “வெள்ளம்!” என்று கூவினர். அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுச் சென்றார்.

அடுத்து மூன்று கட்டம். நான் மறைத்த சொல் ‘அம்மா’. மிக எளிதாக இருக்கவேண்டும் என்று கருதியே அதனை எடுத்தேன். அதே பையன்தான் எழுந்தான். முதலில் ‘சும்மா’ என்றான். மகரமெய்க்கும் ‘மா’வுக்கும் வட்டம் விழுந்தது, சு இல்லை. அவன் முகம் மலர்ந்தது. “உம்மா!” என்றான்.

“அஃது எழுத்து வழக்கில் உள்ள சொல் அன்று. வேறு சொல்லு” என்றேன் நான்.

வகுப்பு ஒரு கணம் அமைதியாயிற்று. பையன் அமரவில்லை. மரியாதை குறையாத குரலில், ஆனால் தெளிவாக, கேட்டான்:

“சேர், சும்மா சொல்லெண்டா, உம்மா ஏன் சொல்லில்ல?”

எனக்கு விடை வரவில்லை. மணி அடித்தது, அதுவே அன்று என்னைக் காப்பாற்றிற்று.

இருபது ஆண்டாகத் தமிழ் கற்பிப்பவன் நான். தன் வாழ்நாளில் ஒரு குழந்தை முதன்முதல் உச்சரித்த சொல்லை, பெற்ற தாயைக் குறிக்கும் சொல்லை, சொல் அன்று என்று கூறிவிட்டேன். வேலையின்றி இருப்பதைக் குறிக்கும் சொல்லுக்குக் கட்டத்தில் இடங்கொடுத்தேன். சந்தையில் எவரும் வழங்காத கயலை, நூலில் உண்டென்று வரவேற்றேன். ஊரில் எல்லோரும் வழங்கும் உம்மாவை வாசலிலே நிறுத்தினேன். அப்பிள்ளை வீட்டுக்குச் சென்று, தான் பேசுவது தமிழ் அன்று என்று எண்ணினால் அதற்குப் பொறுப்பாளி யார்?

அன்று மாலை என் வீட்டில் அதே மூன்று கட்டங்களை வரைந்து, பின்னிரண்டையும் நிரப்பி என் மகளிடம் கொடுத்தேன். அவள் ஆறாம் தரத்தில் படிக்கின்றாள். அம்மா என்றாள், சும்மா என்றாள், பிறகு சிரித்துக்கொண்டே “உம்மா” என்றாள்.

“அதற்கு என்ன பொருள்?”

“முத்தம், அப்பா. படத்திலே சொல்வார்களே!”

மிதிவண்டியில் கால் மணி நேரத் தொலைவில் இருபாலும் முஸ்லிம் ஊர்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்த குழந்தை. அவ்வூர்ப் பிள்ளைகள் தாயை எவ்வாறு அழைக்கின்றனர் என்பதை அவள் அறியாள். சென்னைப் படத்தில் முத்தத்தின் ஓசை என்னவென்பதை அறிவாள். அவளைக் குறை கூறுவதற்கில்லை. எங்கள் பகுதியில் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை எனப் பாடசாலைகள் பிரிந்தே இயங்குகின்றன. 1985 ஆம் ஆண்டிலும் 1990 ஆம் ஆண்டிலும் இக்கரையில் அயலவரை அயலவர் அஞ்சி வாழ்ந்த நாட்கள் இருந்தன. அக்காலத்தில் நானும் சிறுவன். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது இரு சாராரும் ஒரே கடலுக்குப் பிள்ளைகளைக் கொடுத்தார்கள். அதன் பின்னரும் பாடசாலை மதில்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இரவு உறக்கம் வராமையால் அந்தக் கைத்தொலைபேசி ஆட்டத்தின் கதையை நினைத்துப் பார்த்தேன். அதனை ஆக்கியவர் ஜோஷ் வார்டில். வேல்ஸ் நாட்டில் பிறந்து நியூயோர்க்கில் வாழ்ந்த பொறியியலாளர். தம் துணைவியார் பலக் ஷாவுக்குச் சொல் விளையாட்டில் விருப்பம் மிகுதி என்பதால் அவருக்கென்றே ஆக்கினார். தம் பெயரைச் சற்றே திரித்து ‘வேர்டில்’ என்று பெயரிட்டார். 2021 நவம்பர் முதலாம் நாள் அதனை ஆடியவர்கள் 90 பேர். இரண்டு மாதங் கழித்து மூன்று இலட்சத்துக்கும் மேல். 2022 ஜனவரி முடிவில் ‘நியூயோர்க் டைம்ஸ்’ பத்திரிகை பெரும் பொருள் கொடுத்து அதனை வாங்கிற்று. இவையெல்லாம் பலரும் அறிந்தவை. என் மனத்தைத் தைத்தது வேறொன்று. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 12,000 உள. அவை அனைத்தையும் விடையாக வைத்தால் ஆட்டம் நடவாது. எவரும் கேள்விப்படாத சொற்கள் பல. ஆதலால் பலக் ஷா அப்பட்டியலைப் பார்த்து, தாம் அறிந்தவை இவை, அறியாதவை இவை என்று பிரித்தார். எஞ்சியவை ஏறத்தாழ 2,500. உலகோர் நாள்தோறும் காலையில் தேடிய சொற்கள், ஒரு பெண்மணி அறிந்திருந்த சொற்கள்!

இதிலே குற்றம் ஒன்றுமில்லை. யாரேனும் ஒருவர் பட்டியலை வரையறுக்கத்தான் வேண்டும். ஆனால் வரையறுப்பவர் யார் வீட்டில் வளர்ந்தார் என்பதைப் பொறுத்துப் பட்டியலும் வளரும், சுருங்கும். என் வகுப்பில் அப்பட்டியல் நான். நான் வளர்ந்த வீட்டில் உம்மா இல்லை.

இதற்கு இலக்கணம் இடந்தருமா என்று கேட்பாருண்டு. தாராளமாகத் தரும். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்தார் தத்தம் வழக்கிற் கூறும் சொல் திசைச்சொல். அதனையும் செய்யுளுக்கு உரியதென்றே கொண்டார். புலவன் பாட்டிலே இடமுண்டு. மூன்று கட்டத்தில் இடமில்லையா? உம்மா என்பது தாயைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு உறவுடையது என்பர். இருக்கட்டும். நாம் அமரும் கதிரை போர்த்துக்கீசர் தந்தது. மேசையும் அலுமாரியும் சப்பாத்தும் அவர்களுடையவே. எங்கள் பாட்டனார் அலுவல் பார்த்த கந்தோர் ஒல்லாந்தருடையது. பாக்கி, வசூல், மகசூல் எல்லாம் அரபு வழி வந்தவை. கோவிற் கணக்கிலும் அவற்றை எழுதுகின்றோம். கதவருகில் நிறுத்திப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது தாயிடம் மட்டுந்தானா?

மறுநாள் வகுப்புக்குச் சென்றதும் அம்மூன்று கட்டங்களையும் மீண்டும் வரைந்து, ‘உம்மா’ என்று நானே எழுதினேன். “நேற்று நான் கூறியது பிழை. இது சொல். நான் மறைத்திருந்த சொல் அம்மா, இதற்கும் அதற்கும் ஓரடிதான்” என்றேன். பையன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “பறவாயில்ல சேர்” என்றான்.

அதுவரை வாய் திறவாத மாணவி ஒருத்தி மெல்ல எழுந்தாள். “வாப்பாவும் அப்பிடித்தான் சேர்” என்றாள்.

எழுதிப் பார்த்தேன். அப்பா. வாப்பா. மூன்றெழுத்து, ஓரடி. இத்தனை ஆண்டாக இரு சொற்களையும் நாள்தோறும் கேட்டும் இதனை நான் கண்டதில்லை. அதன்பின் வகுப்பை அடக்க முடியவில்லை. அக்கா, காக்கா! முஸ்லிம் வீடுகளில் காக்கா என்றால் தமையன். எங்கள் வீடுகளில் வேலியில் அமர்ந்து கரையும் பறவை. ராத்தா, தாத்தா! இங்கே ஒரு வேடிக்கை. சென்னையிலிருந்து வரும் வாரப் பத்திரிகையொன்றின் குறுக்கெழுத்துக் கட்டத்தில் ‘பாட்டியின் கணவர்’ என்று குறிப்பிருந்ததாம், விடை ‘தாத்தா’. எங்கள் மாணவி ஒருத்திக்குத் தாத்தா என்றால் மூத்த சகோதரி. தாத்தாவுக்குச் சென்ற மாதந்தான் திருமணம் நடந்தது. அவள் எப்படிப் பாட்டிக்குக் கணவராவாள் என்று அவள் கேட்டபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

அன்று தொடங்கிய கொப்பி ஒன்று எங்கள் வகுப்பில் இருக்கின்றது. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் சொற்களை அதிலே எழுதுவார்கள். பொருளும், யார் வாயிற் கேட்டது என்பதும் எழுதவேண்டும். ‘பிறகு’ என்னும் பொருளில் ‘மறுகா’ வந்தது. திரும்புவதைக் குறிக்கும் ‘கிறுகு’ வந்தது. இவ்விரண்டும் முஸ்லிம் வீட்டுக்கு மட்டும் உரியன அல்ல. என் தாயாரும் இவற்றைத்தான் வழங்கினார். கொப்பியைப் பார்த்தபோதுதான், பாதிக்கு மேற்பட்ட சொற்கள் இரு சாராருக்கும் பொதுவானவை என்று தெரிந்தது. கதைப்புத்தகத் தமிழ் படித்துப் படித்து என் நாவிலிருந்து அவை கழன்றுபோயின.

எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டோம் என்று கருதவேண்டாம். “வெளாட்டு” என்பதை ஒருவன் கொண்டுவந்தான். அது விளையாட்டின் தேய்வு, தனிச்சொல் அன்று என்று தள்ளினோம். எழுத்துச் சுருங்கிப் போனது ஒன்று, வேறு சொல்லாகவே நிற்பது இன்னொன்று; இவ்வேறுபாட்டைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நூற்பாவின் துணையின்றியே வழக்காடி வரையறுத்தார்கள். பரீட்சைக் கட்டுரையில் மறுகா என்று எழுதினால் புள்ளி குறையும் என்பதையும் நான் மறைக்கவில்லை. வீட்டுடை வேறு, விழாவுடை வேறு. வீட்டுடையை உடை அன்று என்று எவரும் கூறுவதில்லை.

சொல்லை மறைத்து வைத்துத் தேடுவது இக்கரைக்குப் புதிதன்று. தொல்காப்பியர் ‘பிசி’ என்றதை நாம் நொடி என்கின்றோம். மின்விளக்கு வராத காலத்தில் நிலவு முற்றத்தில் நொடி போடாத வீடு ஏது? புலவர்களும் எழுத்தோடு ஆடினார்கள். ஓரெழுத்தாகக் கூட்டிக்கொண்டே போவது எழுத்து வருத்தனம். ஓரெழுத்தாகக் குறைத்துக்கொண்டே போவது அக்கரச் சுதகம். கட்டத்தில் இட்டுச் சுற்றிச் சுற்றிப் படித்தாலும் செய்யுள் மாறாதது சுழிகுளம். இவற்றைத் தண்டியலங்காரம் சொல்லணி என்று தொகுத்துக் கூறும். வெறும் வித்தை என்று இகழ்ந்தோரும் உளர். எனக்கும் சுழிகுளத்தில் நாட்டம் குறைவுதான்.

ஆனால் கேள்வியும் விடையுமாகத் தமிழில் நூலே செய்தவர்களில் முஸ்லிம் புலவர்களை மறக்கலாகாது. இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் பழமையானது, வண்ணப்பரிமளப் புலவர் இயற்றி 1572 ஆம் ஆண்டில் அரங்கேறிய ஆயிர மசலா. மசலா என்றால் வினா. ஆயிரம் வினாவும் அவற்றுக்கு விடையுமாக அமைந்த நூல் அது. அதன் வழியிலே நூறு மசலா முதலிய பிற நூல்களும் எழுந்தன. அறிவுள்ள பெண் வினாத் தொடுக்க, மணக்க வந்தவன் விடை கூறும் கதை நூறு மசலாவில் உண்டு. நான் பட்டப்படிப்பிலே கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா என்று பெயர்களை மனனஞ் செய்து பரீட்சையிலே கொட்டியவன். பெயர் தெரிந்ததே அல்லாமல், அவை என் மாணவரின் மூத்தோர் கேட்டு மகிழ்ந்தவை என்ற நினைவு எனக்கு வந்ததில்லை. வகுப்பிலே மசலா என்ற சொல்லைக் கூறியதும் “சமையலுக்குப் போடுறதா சேர்?” என்று ஒருவன் கேட்டான். அது மசாலா என்றேன். ஓரெழுத்து வேறுபாடு என்று எல்லோரும் சேர்ந்து கூவினர். எங்கள் வகுப்பு அந்நிலைக்கு வந்துவிட்டது.

எழுத்தை எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கணினி படிக்கும் மாணவர்கள் கவனிக்கவேண்டும். கல்முனை என்பதில் எத்தனை எழுத்து? க, ல், மு, னை: நான்கு என்று முதலாம் தரத்துப் பிள்ளையும் கூறும். கணினியோ ஏழு என்னும். ஒருங்குறி முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி இலக்கம் பெறுகின்றன: ககரம், லகரம், அதன் புள்ளி, மகரம், உகரக்குறி, னகரம், ஐகாரக்குறி. சொல் ஆட்டத்தைத் தமிழில் ஆக்குவோர் இவற்றைச் சேர்த்து ஓரெழுத்தாகக் கொள்ளாவிட்டால் கட்டத்தில் புள்ளி தனியே அமர்ந்திருக்கும் அவலக் காட்சியைக் காணலாம். 247 எழுத்துக்கு மட்டுமே விசை வைத்தால் இன்னொரு தொல்லை: ஹ, ஸ, ஜ இல்லாமல் என் வகுப்பில் அரைவாசிப் பேர் தம் பெயரை எழுத முடியாது. கல்முனைக்குடியில் 1944 இல் பிறந்த மொழியியலாளர் பேராசிரியர் நுஃமான், தம் பெயரை ஆய்தத்தைக் கொண்டு அமைத்துக்கொண்டவர். நான்கு கட்டத்துள் அழகாக அடங்குவார். எல்லோருக்கும் அவ்வாய்ப்புக் கிடைப்பதில்லை. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1936 இல் சென்னையிலே கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். புதுச்சொல் வேண்டுமிடத்து ஆக்கிக்கொள்ளலாம் என்று நமக்குக் காட்டியவர். எனினும் ஒரு பிள்ளையின் பெயருக்குக் கலைச்சொல் ஆக்க முடியாதே!

வீட்டிலே ஆட விரும்புவோர்க்கு எங்கள் வகுப்பு ஆக்கிய சிலவற்றைத் தருகின்றேன். முதலாவது, மூன்றெழுத்துச் சொல்: முழுதாக நின்றால் மரத்தில் அறுத்தது, கடையெழுத்துத் தனியே நின்றால் உடலுறுப்பு, கடையெழுத்தை நீக்கினால் ஒன்றுக்கு மேற்பட்டது, நடுவெழுத்தை நீக்கினால் நட்புக்கு மாறானது. இரண்டாவது, வலைக்காரர் மகன் கட்டிய நொடி: பல்லாயிரம் கண், ஒரு பார்வையும் இல்லை, உப்புத் தண்ணீரில் இறங்கும், ஒருநாளும் அழாது. மூன்றாவது, அக்கரைப்பற்று என்னும் ஊர்ப்பெயரின் எழுத்துகளைக் கொண்டு எத்தனை சொல் ஆக்கலாம்? நாங்கள் ஐந்து கண்டோம்.

இப்போது நான் மிதிவண்டியில் இரு பக்கமும் சுமை ஏற்றுகின்றேன். காலையில் என் மகளும் அவள் தோழியரும் ஆக்கிய கட்டங்கள் வகுப்புக்குப் போகின்றன; மாலையில் வகுப்பின் விடைகளும் எதிர்வினாக்களும் வீட்டுக்கு வருகின்றன. ‘கரையாத காக்கா யார்?’ என்று சென்ற வாரம் வகுப்பு கேட்டனுப்பியது. என் மகள் உடனே “அவர்களுடைய அண்ணா” என்று எழுதிவிட்டு, தன் கட்டத்தை வரைய உட்கார்ந்தாள்.

விடைகளையும் கூறிவிடுகின்றேன். முதலாவது பலகை. இரண்டாவது வலை. மூன்றாவது: அக்கரை, கரை, அரை, பற்று, கற்று.

மாரி கழிந்து வெயில் ஏறியதும் வகுப்பு நிறைந்துவிட்டது, பாடம் நடக்கின்றது. ஒருநாள் மணி அடித்த பின், அந்த வலைக்காரர் மகன் அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் மேசையருகே வந்தான். மடித்த காகிதமொன்றை நீட்டினான். அதிலே மேலிருந்து கீழாக நான்கு சொற்கள் இருந்தன: கடல், அடல், அயல், வயல்.

“அடலெண்டா வலிமை சேர், பார்த்தன். அயல் எல்லாருக்கும் தெரியும். ஓரடி கூடத்தான். ஆனா கயல் இல்லாமலே வந்துட்டன்” என்றான்.